வெள்ளிக்கிழமை ஊறிய இறைச்சி

லா சப்பல், பாரிஸ்
3 மார்ச் 2014

அக்கா,

எழுதுவது லக்சிகா. கையெழுத்திலேயே கண்டுபிடித்திருப்பாய். நீ அனுப்பிய புதுவருட அட்டையை அம்மா குப்பை வாளிக்குள் போட்டார். நான் உறையை மட்டும் எடுத்து ஒளித்து வைத்தேன். துலூஸ் முகவரி அதில் இருந்தது. உன் போன் நம்பர் இல்லை. இருந்தாலும் போனில் எனக்கு வாய் வராது. இந்த இரண்டு அறைக்குள் எங்கே நின்று பேசினாலும் அம்மாவுக்குக் கேட்கும்.

விஷயம் அப்பாதான். 2012 நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்ததை யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். வலது கையும் காலும் வேலை செய்யாது. ஒரு நாளைக்கு நாலு சொல் பேசினால் பெரிது. அம்மா காலையில் நாலரைக்கே ஒபிஸ் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். அவரைத் தூக்கி இருத்த, கழுவ, உடுத்த, ஊட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடமாகிறது. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மாதமாக அவர் வாயைத் திறப்பதே அரிது. கஞ்சி, சூப், கடைந்த பருப்பு எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்புகிறார். அறுபத்தெட்டுக் கிலோவாக இருந்தவர் இப்போது நாற்பத்தொன்பது. மார்ச் 31 டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரியில் ரொந்தேவு. அன்றைக்கு நாற்பத்தெட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அப்பா இடக்கையால் கதிரைக் கையை அடித்தார். டாக்டர் போன பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் அம்மா இடியப்பத்தைச் சொதியில் பிசைந்து கொண்டுவந்தார். அப்பா இடக்கையை உயர்த்தி, மேலிருந்து கீழே சீவுவது போல இழுத்தார். திரும்பத் திரும்ப அதையே செய்தார்.

"ஐயோ, கழுத்தை அறுக்கச் சொல்லுறாரடி," என்று அம்மா அழத் தொடங்கினார்.

எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. அவர் வேலை செய்த மெக்சிக்கன் சாப்பாட்டுக்கடையில் நெட்டுக்கு நிற்கும் கம்பியிலிருந்து இறைச்சி சீவுவாரே, அந்தச் சீவல். "அப்பா, அந்தப் பண்டி இறைச்சியோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். அந்தக் கிழமையில் அவர் பேசிய ஒரே சொல்.

அம்மா தட்டை மேசையில் வைத்த சத்தம் கீழ் வீட்டுக்கும் கேட்டிருக்கும். "நான் இத்தனை வருசமா அவிச்சுக் கொட்டினன். மனுசன் கடைசியிலை கேக்கிறது பண்டி!" அவர் அதைச் சாப்பிடுவார் என்பதே எங்களுக்குத் தெரியாது. இந்த வீட்டுக்குள் பன்றி வந்ததில்லை.

அந்தக் கடையையும் மூடிவிட்டார்கள். நீ மூன்று வருடம் சனிக்கிழமைகளில் அவருடன் அங்கே வேலை செய்தாய். எப்படிச் செய்வது என்று எழுதுவாயா? பதிலைப் புஸ்பராணி அன்ரியின் தையல்கடைக்கு அனுப்பு. அங்கேதான் நான் பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் ஊக்குத் தைக்கிறேன். அவ அம்மாவிடம் சொல்லமாட்டா.

லக்சிகா


துலூஸ்
8 மார்ச் 2014

லக்சி,

இரண்டு வருடம் எட்டு மாதத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து எனக்கு ஒரு கடிதம். அதிலும் பன்றி.

கோபத்தில் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். "யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று எழுதியிருக்கிறாய். சொன்னார்கள்தான். இங்கே தமிழ்க்கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவர் சொன்னார். "நீர் வாமதேவன்ரை மூத்த மகளெல்லோ? அப்பா இப்ப எப்பிடி?" அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. அதை விடு.

செய்முறை சொல்கிறேன். நீ நடன வகுப்புக்குப் போன சனிக்கிழமைகளில் நான் வெங்காயம் உரித்துக் கற்றது.

பன்றியின் கழுத்துப்பக்க இறைச்சி ஒரு கிலோ வாங்கு. கொழுப்பு இடையிடையே கோடாக ஓட வேண்டும். 'எஷீன்' என்று கேள். பென்சில் மொத்தத்தில் தட்டையாக வெட்டித் தரச் சொல். இதனுடன் வரும் பொதியில் பெரிய உலர்ந்த மிளகாய் இருக்கும். அது நம் செத்தல் மிளகாய் போல உறைக்காது, பயப்படாதே. விதையைத் தட்டிவிட்டுச் சுடுதண்ணீரில் இருபது நிமிடம் போடு. செங்கல் மாதிரி ஒரு சிவப்புக் கட்டியும் இருக்கும். அச்சியோத்தே என்பார்கள், ஒரு விதையை அரைத்துச் செய்வது. நிறம் அதிலிருந்துதான். இரண்டையும் ஐந்து பல்லு உள்ளி, அரைக் கோப்பை வினாகிரி, சீரகம், இரண்டு கராம்பு, ஒரேகானோ, உப்பு, கால்வாசி அன்னாசி எல்லாவற்றோடும் சேர்த்து அரைத்து இறைச்சியில் பூசு. முதல் நாளே ஊற வைத்துவிடு. அம்மாவின் கறித்தூள் போத்தலைத் திறக்கவே திறக்காதே. அப்பாவுக்கு ஒரு வாயில் தெரிந்துவிடும்.

கம்பிக்கு எங்கே போவாய். வீட்டில் வைக்கும் மின்சாரக் கிறில் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு துண்டுகளைப் போட்டு ஓரம் கருக விடு. திருப்பித் திருப்பிக் கிண்டாதே. கருகலில்தான் ருசி. எடுத்துச் சின்னனாக வெட்டி, கிறிலில் வாட்டிய சோள ரொட்டியில் வைத்து, மேலே வெங்காயம், கொத்தமல்லி இலை, சுட்ட அன்னாசி, தேசிக்காய்ப் புளி. அதுதான் தாக்கோ. அப்பாவுக்கு ரொட்டி வேண்டாம், விக்கும்.

பொதியைக் கட்டியது செபஸ்டியன். "உன் தங்கச்சி பயப்படாம செய்யச் சொல்லு, கருகினாலும் நல்லாத்தான் இருக்கும்" என்கிறார். நான் அவருடன் வீட்டை விட்டுப் போன பிறகு, அவருடைய பெயரை உங்கள் வீட்டில் சொல்லலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மிருணாளினி


லா சப்பல்
16 மார்ச் 2014

அக்கா,

எல்லாம் பிழையாகிப்போனது.

புதன்கிழமை புஸ்பராணி அன்ரியை அப்பாவுடன் இருத்திவிட்டு சென் தெனி சந்தைக்குப் போய் ஒரு பழைய கிறில் வாங்கினேன். மெற்றோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கிளிஷியில் மாறும்போது அதன் வயர் ஒரு ஆளின் காலில் சிக்கி, நான் மன்னிப்புக் கேட்கவும் வாய் வராமல் நின்றேன்.

வியாழன் இறைச்சி. எங்கள் பக்கத்துக் கடைகளில் பன்றி இல்லை. பத்து நிமிடம் நடந்து ஒரு பிரெஞ்சுக் கடைக்குப் போனேன். கேட்க வெட்கமாக இருந்ததால் 'எஷீன், ஒரு கிலோ, மெல்லிசாக' என்று துண்டில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். கடைக்காரர் அதை வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்க உரத்து வாசித்தார். திரும்பி வரும்போது நகைக்கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் என் பையையே பார்ப்பது போல இருந்தது. பை கறுப்பு. ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் வேகமாக நடந்தேன்.

அன்று பின்னேரமே அரைத்து ஊற வைத்தேன். வெள்ளி மத்தியானம், அம்மா வேலையால் வருவதற்குள் சுட்டு முடிக்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்கென்று அம்மா பத்து மணிக்கே வந்துவிட்டார். பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தார்.

"என்னடி இது, ரத்தம் மாதிரி?"

"அப்பாவுக்கு."

"இண்டைக்கு என்ன கிழமை?"

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

"கேக்கிறன், என்ன கிழமை?"

"வெள்ளி."

"வெள்ளியிலை இந்த வீட்டிலை மச்சம் காய்ச்சிறேல்லை. எனக்குத் தெரியாமல் பண்டியைக் கொண்டு வந்தது போதாதெண்டு, வெள்ளியும் பாராமல்!"

"அம்மா, அவர் ஒண்டும் சாப்பிடேல்லை. குழாய் வைக்கப் போகினம்."

அம்மா பிரிட்ஜைச் சாத்தினார். கொஞ்ச நேரம் அதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாளைக்குச் செய்," என்றார். "என்ரை சட்டி பானையிலை முட்டக்கூடாது. முட்டினதை எல்லாம் எறிஞ்சுபோடுவன், சொல்லிப்போட்டன்."

அம்மா அவ்வளவு இறங்கி வந்ததே பெரிது என்று நான் மறுநாள் வரை காத்திருந்தேன்.

சனிக்கிழமை திறந்து பார்த்தால் இறைச்சி இறைச்சியாக இல்லை. விரலால் தொட்டேன், விரல் உள்ளே போனது. கிறிலில் போட்டதும் பாதி கம்பிகளுக்கு இடையால் வழிந்து கீழே தட்டில் விழுந்தது. மீதி கம்பியில் ஒட்டிக்கொண்டது. சோளமா வாங்கிச் சுட்ட ரொட்டி வெடித்துத் துண்டு துண்டாகப் போனது. ஜன்னலைத் திறந்தும் புகை போகவில்லை. நான் குசினித் தரையில் இருந்து அழுதேன். ஒரு கிலோ.

அப்போது அப்பா கதிரைக் கையைத் தட்டினார். திரும்பிப் பார்த்தேன். மணம் அவரிடம் போயிருந்தது. கீழே தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே வெந்து கருகியதை வழித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாயைத் திறந்தார். மூன்று கரண்டி, அக்கா. எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா கதவடியில் நின்று பார்த்தார். நாலாவதுக்கு மூடிக்கொண்டார்.

என்ன பிழை செய்தேன்? பழுதாய்ப்போன இறைச்சியையா கொடுத்துவிட்டேன்? இரவு முழுக்க அவருக்கு ஏதும் ஆகுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வெண்டிக்காய்க் கடையில் தெரிந்த பிறகாவது நீ ஏன் வந்து பார்க்கவில்லை? அவர் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தார்.

லக்சிகா


துலூஸ்
19 மார்ச் 2014

லக்சி,

இறைச்சி பழுதாகவில்லை. பிழை என்னுடையது. கடையில் ஊற வைக்கும்போது போடுவது தகரத்தில் வரும் அன்னாசி. பச்சை அன்னாசியைக் கடைசியில் சுட்டு மேலே வைப்போம், அவ்வளவுதான். பச்சை அன்னாசியின் சாறு இறைச்சியைத் தின்றுவிடும். சில மணித்தியாலத்திலேயே குழையத் தொடங்கும். நீ இரண்டு நாள் வைத்திருந்தாய். இதை உனக்கு எழுத மறந்தேன். அதோடு அம்மாவின் வெள்ளிக்கிழமையையும் மறந்துபோனேன். மறக்க வழியில்லாதவள் நான். தவக்காலம் என்று செபஸ்டியனும் இப்போது வெள்ளியில் இறைச்சி தொடுவதில்லை. இரண்டு பக்கமும் வெள்ளிக்கிழமை, நடுவில் நான்.

ஆனால் யோசித்துப் பார். அவர் விழுங்கியது அது குழைந்திருந்ததால்தான். ஒழுங்காகச் செய்திருந்தால் தொண்டையில் நின்றிருக்கும். ஆகையால் இனிமேல் அதே பிழையைத் தெரிந்து செய். பச்சை அன்னாசியே போடு, ஒரு இரவு மட்டும் ஊற விடு. கம்பிமேல் போடாமல், கிறிலுக்கு மேலே அலுமினியத் தாளை இரண்டாக மடித்து விரித்து, அதில் பரப்பிச் சுடு. ஓரம் கருகட்டும். பிறகு முள்ளுக்கரண்டியால் மசித்துக் கொஞ்சம் சூப் விட்டு இளக்கு. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கப் பழக்க ஒருவர் வருவார்தானே, அவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள். ரொட்டிக்குச் சோளமா சரிவராது. கடையில் விற்கும் கோதுமை ரொட்டி வாங்கு, அது உனக்கு.

நான் வந்தேன், லக்சி. 2013 தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். அவருடைய அறைக்கு வெளியே அம்மா நின்றார். "உன்னைக் கண்டா அவருக்குத் திரும்ப வரும். போ," என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் திரும்பிப் போனேன். கத்தியிருந்தால் உள்ளே போயிருப்பேன். கதவுக் கண்ணாடியால் அவருடைய கால் மட்டும் தெரிந்தது.

மிருணாளினி


லா சப்பல்
24 மார்ச் 2014

அக்கா,

சனிக்கிழமை நீ சொன்னபடியே செய்தேன். சரியாக வந்தது. விழுங்கப் பழக்குகிற பெண்ணும் சரி என்றாள். மணம் வந்ததும் அப்பா முன்னால் சாய்ந்தார். இரண்டு கரண்டியோடு வாயை மூடிவிட்டார். அம்மா முன்னால் முழங்காலில் இருந்து, "இஞ்சேருங்கோ, ஒரு வாய், எனக்காக ஒரு வாய்" என்று கெஞ்சினார். அவர் சுவரைப் பார்த்தார். ஞாயிறும் அப்படித்தான்.

இன்று தாதி வந்து நிறுத்தாள். நாற்பத்தெட்டு கிலோ நூறு கிராம். இன்னும் ஒரு கிழமை இருக்கிறது.

சமையலில் பிழை இல்லையென்றால் பிழை என்னிடம்தான். நான் கரண்டியைப் பிடிக்கும் விதமோ என்னவோ. களைத்துவிட்டேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கதையை அம்மாவிடம் கேட்டேன். உடுப்பு மடித்துக்கொண்டே இருந்தார். கடைசித் துவாயையும் மடித்து வைத்த பிறகு, "அப்ப பயந்திட்டன்" என்றார். கடிதம் எழுதுகிறேன் என்று அவருக்கு இப்போது தெரியும்.

லக்சிகா


துலூஸ்
26 மார்ச் 2014

லக்சி,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் வாசித்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டவருக்குப் பசி இல்லை என்று சொல்ல முடியாது. ருசியும் பிழையில்லை. அப்படியானால் என்ன என்று நாள் முழுக்க யோசித்தேன். அந்த மெக்சிக்கன் கடையில் அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று மட்டும் உனக்கு நான் சொல்லவில்லை.

நாலு மணிக்குத்தான் சாப்பாடு. மத்தியான ஆட்கள் போய், மாலை ஆட்கள் வரும் முன். குசினியில் வேலை செய்தவர்கள் எல்லோரும் மேசையில் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். அப்பா மாட்டார். கம்பியில் ஒட்டியிருக்கும் கடைசி இறைச்சியைச் சீவி எடுத்துக்கொண்டு பின்கதவுப் படிக்குப் போவார். எங்களுக்கு முதுகைக் காட்டி, குப்பைத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்று சாப்பிடுவார். ஒருநாள் நான் தண்ணீர் கொண்டுபோனேன். என்னைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டு, வாயில் வைத்தபடி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்னப்பா, களவெடுத்த மாதிரி?"

விழுங்கிவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நான் சாப்பிடேக்கை ஒருத்தரும் பாராமல் இருக்கிறது இந்தப் பத்து நிமிசம்தான். வீட்டிலை கொம்மா என்ரை வாயையே பாத்துக்கொண்டு இருப்பா, உப்புக் கூடிப்போச்சோ குறைஞ்சுபோச்சோ எண்டு. இஞ்சை முதலாளி பாப்பார், எவ்வளவு எடுக்கிறன் எண்டு."

அப்போது பகிடி என்று நினைத்தேன். இன்று பஸ்ஸில் நினைத்துப் பார்த்தேன். ஒன்றரை வருடமாக அவர் வாய்க்குள் போவதை நீங்கள் இரண்டு பேரும் பார்க்கிறீர்கள், தாதி பார்க்கிறாள், டாக்டர் பார்க்கிறார். நீ கரண்டியை எண்ணுகிறாய். வழிந்தால் துடைக்கிறாய். உன்னில் பிழை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் கேட்டது பன்றியை மட்டும்தானா என்று எனக்கு இப்போது சந்தேகம்.

ஊட்டாதே. தட்டை இடக்கைப் பக்கம் வை. தடித்த பிடி உள்ள கரண்டி கொடு. விக்கும் பயத்துக்கு அறையை விட்டுப் போகாதே, ஆனால் முதுகைக் காட்டி இரு. அம்மாவும்தான். காது இருக்கிறதே, இருமினால் கேட்கும்.

மிருணாளினி


லா சப்பல்
1 ஏப்ரல் 2014

அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கடைக்குப் போய் இறைச்சி வாங்கி வந்து, அம்மாவுக்குப் பயந்து அதைப் பையோடு வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஊற வைக்கிறது சமையல் இல்லைத்தானே," என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனார்.

சனி நாலு மணிக்கு அப்பாவின் கதிரையை மேசையோடு சேர்த்து விட்டேன். தட்டை வைத்து, கரண்டியை இடக்கையில் கொடுத்து, "அப்பா, நாங்கள் பாக்கமாட்டம்" என்றேன். அவர் விளங்காதது போல என்னைப் பார்த்தார். நான் என் கதிரையைத் திருப்பிப் போட்டு ஜன்னல் பக்கம் பார்த்து இருந்தேன். அம்மாவைச் சாமிப்படத்தைப் பார்த்து இருக்கச் சொன்னேன். இருந்தார். ஆனால் ஒவ்வொரு நிமிடமும் கழுத்து திரும்பியது.

"அம்மா, திரும்பாதேங்கோ."

"நான் திரும்பேல்லை. கழுத்து நோகுது."

வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மெற்றோ மூன்று தரம் போனது. பிறகு கரண்டி தட்டில் முட்டியது. எதுவோ மேசையில் விழுந்தது. எழும்பித் துடைக்க வேண்டும் போல இருந்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன். ஒருதரம் இருமினார். அம்மா பாதி எழும்பிவிட்டார். நான் அவருடைய சேலையைப் பிடித்தேன். இருமல் நின்று, மறுபடி கரண்டிச் சத்தம் வந்தது. எண்ணவில்லை. முதல்முறையாக நான் எண்ணவில்லை.

தட்டைத் தள்ளும் சத்தம் கேட்டபின் திரும்பினோம். சட்டை முழுக்கச் சிவப்பு, மேசை சிவப்பு, காதில் கூட இருந்தது. தட்டில் பாதிக்கு மேல் இல்லை. அப்பா எங்களைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறும் சாப்பிட்டார். ஞாயிறு மாலை பன்றி முடிந்துவிட்டது. அம்மா பயந்து பயந்து பருப்புச் சோறு குழைத்து வைத்துவிட்டு, என்னைக் கேட்காமலே போய்ச் சாமிப்படத்துக்கு முன்னால் இருந்தார். அதையும் சாப்பிட்டார். அம்மா அழுததைப் பின்னாலிருந்து பார்த்தேன். தோள்தான் அசைந்தது.

நேற்று ஆஸ்பத்திரி. நாற்பத்தெட்டு கிலோ நானூறு கிராம். குழாய் இப்போதைக்கு வேண்டாம், மே மாதக் கடைசியில் திரும்ப வாருங்கள் என்றார்கள். பெரிய வெற்றி மாதிரி எழுதத் தோன்றவில்லை. மே வரைக்கும் ஒவ்வொரு நாளும் மூன்று தரம் இதைச் செய்ய வேண்டும். ஒருதரம் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணித்தியாலம். பிறகு அவரைக் கழுவ, சட்டை மாற்ற, மேசை துடைக்க.

பஸ்ஸில் வரும்போது, சக்கரக் கதிரையில் இருந்த அப்பாவுக்குக் கேட்காமல் அம்மா மெதுவாகக் கேட்டார், "அவளுக்கு எழுதுவியோ?" ஓம் என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வாறதெண்டால் வரட்டும். அந்தப் பெடியனும் வரட்டும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்." பிறகு இரண்டு தரிப்பு கழித்து, "அவருக்கு அவளைக் கண்டு ஒண்டும் ஆகாதெல்லோ?" என்றார். தெரியாது என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியாது.

வா, அக்கா. மத்தியானத்துக்கு முன்பே வா. வந்ததும் அப்பாவிடம் அழுதுகொண்டு போகாதே. முதலில் தட்டை வை, முதுகைக் காட்டி இரு, அவர் சாப்பிட்டு முடியட்டும். சட்டை மாற்றுவது எப்படி என்று அம்மா காட்டுவார். இடக்கையை முதலில் கழற்ற வேண்டும், போடும்போது வலக்கை முதல்.

நான் மற்ற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். கோபம் என்று நினைக்காதே. என்னைச் சாப்பிட எழுப்ப வேண்டாம், நீ போகும்போதும் எழுப்ப வேண்டாம். நானாக எழும்பும் வரைக்கும் விடு.

லக்சிகா